ஒண்ணு அடுக்கினா ரெண்டு பாலிஷ்

நாப்பத்தாறு வயசுல தபால் வழியில பொருளாதாரம் படிக்கறேன். எதுக்கும்மா உனக்கு இந்த வேலைன்னு கேக்காத ஆள் கிடையாது. கேக்கறவங்க கேட்டுட்டுப் போகட்டும்னு படிச்சேன். ஒரே ஒரு பேப்பர்ல மட்டும் ரெண்டு தடவை கோட்டை விட்டேன். ரெண்டு தடவையும் காலை வாரினது ஒரே கேள்விதான். ஒரு நாடு ரெண்டு பொருளையும் பக்கத்து நாட்டைவிட சீக்கிரமா செய்யுது. அது பக்கத்து நாட்டுக்கிட்ட எதையாவது வாங்கணுமா, வேண்டாமா?

ரெண்டு தடவையும் வேண்டாம்னு அடிச்சு எழுதினேன். எல்லாம் தெரிஞ்சவன் எதுக்கு அரைகுறை ஆள்கிட்ட போய் நிக்கணும்? இது புத்தகத்துல இருந்த பதில் இல்லை. என் வீட்டுக்காரரை மனசுல வெச்சு எழுதின பதில்.

அவரு பல்செட் செய்யறவரு. பல் டாக்டருங்க நோயாளியோட வாயில அச்சு எடுத்து அனுப்புவாங்க. அதுல பிளாஸ்டர் ஊத்தி தாடை மாதிரி எடுக்கறது நான். அந்தத் தாடை மேல மெழுகு வெச்சு, ஒவ்வொரு பல்லா அடுக்கி, மேலயும் கீழயும் சரியா கடிக்குதான்னு பாக்கறது அவரு. அதுக்கப்புறம் ஈறு கலர் மாவை அடைச்சு வேகவெக்கறது மறுபடி நான். வெந்து வரும்போது அது கரடுமுரடா, பாக்கவே சகிக்காது. அதை ராவி, தேய்ச்சு, மிஷின்ல பாலிஷ் போட்டாத்தான் வாயில வெக்க முடியும். அதுவும் அவருதான். ஆக கைத்திறமை வேலைன்னு பாத்தா ரெண்டு. அடுக்கறது, பாலிஷ் பண்றது. ரெண்டுலயும் அவரை அடிச்சுக்க ஆள் இல்லை. அதை அவரே தினம் ஒரு தடவையாவது சொல்லுவாரு.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு லேப் இருக்கு. அது என் தம்பியோடது. தெருவுல அவனுக்குப் பேரு அரைமணி. எப்போ கேட்டாலும் அரை மணி நேரத்துல முடிச்சிடறேன்னு சொல்லுவான், பொழுது சாஞ்சுடும். ஏழு வருஷம் எங்ககிட்டதான் வேலை பாத்தான். அவன் பாலிஷ் பண்ணி வெச்ச ஒவ்வொரு செட்டையும் இவரு எடுத்து, டாக்டருங்க அனுப்பின ஆளுங்க நிக்கும்போதே, மறுபடி மிஷின்ல வெச்சுத் தேய்ப்பாரு. வாயால ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு. தேய்ப்பாரு, அவ்வளவுதான். ஒரு நாள் என் தம்பி ஏப்ரனை மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டான். போனவன் நேர் எதிர்ல கடை போட்டான். அன்னைக்கு இவரு ஒரு சட்டம் போட்டாரு. நம்ம கடையில இருந்து ஒரு பல்லுகூட அந்தப் பக்கம் போகக்கூடாது, அங்கிருந்து ஒரு துரும்பும் இந்தப் பக்கம் வரக்கூடாது. மூணு வருஷமா அதுதான் நடைமுறை. நான் மட்டும் டீ கொண்டு போவேன். டீயில பல் இல்லைங்கறதால அதுக்கு அனுமதி.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினாங்க. எங்க வேலையில முக்கால்வாசி அவங்க கிளினிக்ல இருந்துதான் வருது. வயசானவங்களுக்கு இலவசமா பல்செட் கொடுக்கற ஒரு ஏற்பாடு, எண்பத்தெட்டு செட் வேணும்னாங்க. அச்சு எல்லாம் தயார். பன்னெண்டு நாள்ல முடிச்சாகணும். மறுநாள் காலையில பஸ் வெச்சு எண்பத்தெட்டு பேரையும் கூட்டிட்டு வராங்க, எல்லாரும் அன்னைக்கே மாட்டிக்கிட்டுத் திரும்பணும்.

"ஒருத்தர்கூட வெறும் வாயோட திரும்பிப் போகக்கூடாதும்மா. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. கடல் தாண்டி ஒரு பெரிய லேப் இருக்கு, கம்ப்யூட்டர்ல படம் அனுப்பினா பார்சல்ல செட் வந்துடும். ஆனா அவங்ககிட்ட போனா வழக்கமான வேலையையும் சேத்துத்தான் கேக்கறாங்க"ன்னாங்க. மிரட்டற மாதிரி சொல்லலை. வருத்தமாத்தான் சொன்னாங்க. அந்த வேலை போச்சுன்னா எங்க ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்.

வீட்டுக்காரரு, செஞ்சிடலாம்னு சொல்லு, அப்படின்னாரு. எப்படின்னு கேட்டேன். எப்பவும் போலத்தான்னாரு. நான் நோட்டை எடுத்தேன். அவரு ஒரு செட் அடுக்க ஒரு மணி நேரம், பாலிஷ் பண்ண ஒரு மணி நேரம். ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல உக்காந்தா கை நடுங்கும், பல்லு கோணும், அது அவருக்கும் தெரியும். அப்போ நாளைக்கு ஆறு செட். பன்னெண்டு நாளைக்கு எழுபத்திரண்டு. பதினாறு பேரு வெறும் வாயோட போவாங்க.

அவரு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கணக்கு மாறலை.

அன்னைக்கு மத்தியானம் டீ எடுத்துட்டுப் போய் தம்பி கடையிலயே உக்காந்துட்டேன். போன்ல டைமரைப் போட்டேன். என்னக்கா பண்றன்னான். நீ உன் வேலையைப் பாருடான்னேன். ஒரு செட் பாலிஷ் பண்ண ஒண்ணரை மணி நேரம் எடுத்தான். பரவாயில்லை, சுத்தமாத்தான் இருந்துச்சு. அடுக்கறதுக்கு நாலரை மணி நேரம். ஒரு பல்லை வெப்பான், எடுப்பான், தலையைச் சாய்ச்சுப் பாப்பான், மறுபடி வெப்பான். எனக்கே கொட்டாவி வந்துடுச்சு. அவனுக்கும் சின்ன கிளினிக் ரெண்டு மூணு இருக்கு. அவங்க கேட்டதும் கிட்டத்தட்ட அதே நாளுக்குள்ள முப்பத்திரண்டு செட். அவன் வேகத்துக்கு நாளைக்கு ரெண்டு, பன்னெண்டு நாள்ல இருபத்திநாலுதான் வரும். அவனுக்கும் எட்டு இடிக்குது. யார்கிட்டயும் சொல்லாம முழிச்சுக்கிட்டு இருந்தான்.

ரோட்டைத் தாண்டித் திரும்பி வரும்போதுதான் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. பரீட்சையில நான் வேண்டாம்னு எழுதின நாடு எங்க வீட்டுல இருக்கு. பக்கத்து நாடு எதிர்க்கடையில இருக்கு.

வீட்டுக்காரர்கிட்ட போய், பாலிஷ் வேலையைத் தம்பிகிட்ட கொடுப்போம், பதிலுக்கு அவனோட செட்டை நீங்க அடுக்கிக் கொடுங்கன்னேன். அவரு சிரிச்சாரு.

"அவன் பாலிஷ் பண்ண ஒண்ணரை மணி நேரம். நான் ஒரு மணி நேரம். என்னைவிட மட்டமா செய்யறவன்கிட்ட நான் எதுக்கு கொடுக்கணும்?"

என் விடைத்தாளை அப்படியே வாசிச்ச மாதிரி இருந்துச்சு.

"அவன் எவ்வளவு நேரம் எடுத்தா உங்களுக்கு என்னங்க? அந்த நேரம் அவனோடது. நீங்க ஒரு செட் பாலிஷ் பண்ற நேரத்துல ஒரு செட் அடுக்கலாம். அவன் ஒரு செட் அடுக்கற நேரத்துல மூணு செட் பாலிஷ் பண்ணிடுவான். அப்போ அடுக்கற வேலை அவனுக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம். நீங்க ரெண்டுலயும் கெட்டிக்காரர்தான், யாரு இல்லைன்னா? ஆனா உங்களுக்கு இருக்கறது ரெண்டு கைதான்."

அவரு தன் ரெண்டு கையையும் ஒரு தடவை பாத்தாரு. அப்புறம், நாளைக்கு அவன் முடியாதுன்னு கையை விரிச்சா என்ன பண்ணுவ, அப்படின்னாரு. நியாயமான கேள்விதான். அப்படிப் பண்ண மாட்டான்னு மட்டும் சொன்னேன்.

எதிர்ப்பக்கம் போனா தம்பிக்கு வேற கவலை.

"பாலிஷ் மட்டும் பண்ணிட்டிருந்தா நான் அடுக்கக் கத்துக்கறது எப்போக்கா? காலம் பூரா தூசி தின்னுட்டு உக்காந்திருக்கணுமா?"

அதுவும் நியாயம்தான். பன்னெண்டு நாளைக்குத்தான்டா, அதுக்கப்புறம் எத்தனை நீயே அடுக்கணும்னு நீயே முடிவு பண்ணிக்கன்னேன். அரை மனசா தலையாட்டினான். அப்புறம் பேரம் ஆரம்பிச்சுது. ரெண்டு பேரும் ஒருத்தர் கடையில ஒருத்தர் கால் வெக்க மாட்டாங்களே, நடுவுல நான்தான் சரக்குக் கப்பல். இவரு, நான் ஒண்ணு அடுக்கிக் கொடுத்தா அவன் மூணு பாலிஷ் பண்ணித் தரணும்னாரு. ரோட்டைத் தாண்டினேன். தம்பி, ஒண்ணுக்கு ஒண்ணுன்னான். திரும்பி வந்தேன். இவரு, என் கை என்ன தெருவுல கிடக்குதான்னாரு. அங்க போனா அவன், மாமா கை தங்கம்னா என் கை என்ன தகரமான்னான். நாலு தடவை போய் வந்ததுல முழங்கால் வலி வந்துடுச்சு. நடு ரோட்டுல நின்னு யோசிச்சேன். மூணு கொடுத்தா தம்பிக்கு இதுல ஒரு பிரயோஜனமும் இல்லை, அவனே அடுக்கிக்கலாம். ஒண்ணு வாங்கினா இவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, இவரே பாலிஷ் பண்ணிக்கலாம். நடுவுல எங்கயாவது நின்னாத்தான் ரெண்டு பேருக்கும் ஏதாவது மிஞ்சும்.

ஒண்ணு அடுக்கினா ரெண்டு பாலிஷ், இதுக்கு மேல நான் நடக்க மாட்டேன்னு ரெண்டு பக்கமும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் ஏமாந்த மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஒத்துக்கிட்டாங்க. அதுல இருந்தே நியாயமான விலைதான்னு எனக்குத் தெரிஞ்சுது.

கணக்கு இப்படி வந்துச்சு. தம்பி அடுக்கவே வேண்டாம், நாளைக்கு எட்டு செட் பாலிஷ். பன்னெண்டு நாள்ல தொண்ணூத்தாறு. அதுல முப்பத்திரண்டு அவனோடது, அறுபத்துநாலு எங்களோடது. இவரு எங்க எண்பத்தெட்டு, அவனோட முப்பத்திரண்டு, ஆக நூத்தியிருபதையும் அடுக்கணும். மிச்ச நேரத்துல நாளைக்கு ரெண்டு செட் இவரே பாலிஷ். அறுபத்துநாலும் இருபத்திநாலும் எண்பத்தெட்டு. யாரும் ஒரு நிமிஷம்கூட அதிகமா உழைக்கலை. ஆளும் அதே ஆள், கையும் அதே கை. ஆனா எங்களுக்கும் பத்துது, அவனுக்கும் பத்துது. ரெண்டு தடவை கூட்டிப் பாத்தேன். எங்களுக்கு இடிச்ச பதினாறு, அவனுக்கு இடிச்ச எட்டு, எங்கிருந்துடா வந்துச்சு இந்த இருபத்திநாலுன்னு எனக்கே நம்ப முடியலை. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, செய்யறோம்மான்னு சொல்லிட்டேன்.

முதல் நாள் பத்து செட் அடுக்கணும், ஒன்பதுதான் ஆச்சு. சரி, முதல் நாள்தானேன்னு விட்டேன். ரெண்டாவது நாள் எட்டு. மூணாவது நாள் ஏழு. எனக்குப் புரியலை. அன்னைக்கு மாவு வாங்கப் போனவ சீக்கிரமே திரும்பி வந்தேன். உள்ள மிஷின் ஓடற சத்தம். எட்டிப் பாத்தா, தம்பி பாலிஷ் பண்ணி அனுப்பின செட்டு ஒண்ணை இவரு மறுபடி தேய்ச்சுக்கிட்டு இருக்காரு. பக்கத்துல இன்னும் ரெண்டு வரிசையா காத்துக்கிட்டு இருக்கு.

என்னங்க இதுன்னேன். ஓரம் கொஞ்சம் மழுமழுன்னு இல்லைன்னாரு. நான் விரலை வெச்சுப் பாத்தேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வாசல்ல தம்பி நிக்கறான். வாசப்படிக்கு அந்தப் பக்கம்தான். கையில அடுத்த டப்பா.

"மாமா மறுபடி தேய்க்கறாராக்கா?"

சொல்ல என்ன இருக்கு, மிஷின் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு. அவன் டப்பாவை வாசல்ல வெச்சுட்டு, "இதுக்குத்தான் அன்னைக்குப் போனேன். இன்னொரு செட் இப்படித் தேய்ச்சாருன்னா எனக்கு எந்தக் கணக்கும் வேண்டாம்"னு சொல்லிட்டுத் திரும்பிப் போனான். சத்தம்கூடப் போடலை.

இவரு மிஷினை நிறுத்திட்டு, பாத்தியா, கையை விரிச்சுட்டான்னாரு.

அவன் விரிக்கலைங்க, நீங்க விரிக்க வெக்கறீங்கன்னேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பாலிஷ் மிஷினோட மூடியைத் திறந்தேன். பெல்ட்டைக் கழட்டினேன். கைப்பையில போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். சாயந்தரம் ரெண்டு மணி நேரம் உங்க ரெண்டு செட்டுக்கு மட்டும் பெல்ட் தருவேன், மத்த நேரம் அடுக்கற வேலைன்னேன். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்துல அவரு என்னை அப்படிப் பாத்ததே இல்லை. ஏதோ வேத்தாள் கடைக்குள்ள வந்துட்ட மாதிரி பாத்தாரு. பாக்கட்டும். அப்புறம் மெழுகு விளக்கைப் பத்த வெச்சு உக்காந்தாரு.

எதிர்க்கடைக்குப் போய் தம்பிகிட்ட கைப்பையைத் திறந்து காட்டினேன். எட்டிப் பாத்தான். சிரிப்பு வந்ததை அடக்கிக்கிட்டான்.

"பையை எங்கயாவது வெச்சுட்டு மறந்துடாதக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டு மிஷின்ல உக்காந்தான்.

நாலாவது நாள் டாக்டரம்மா முதல்ல முடிஞ்ச இருபது செட்டை வாங்கிப் பாத்தாங்க. மூணு திரும்பி வந்துச்சு. இவரு முகத்துல ஒரு வெளிச்சம், நான்தான் சொன்னேனேங்கற மாதிரி. சீட்டைப் பிரிச்சு நான் வாசிச்சேன். மூணுலயும் பாலிஷ்ல குறை இல்லை. கடி சரியில்லை, பின்பக்கம் முட்டுதுன்னு எழுதியிருந்தாங்க. அடுக்கினது இவருதான். தேய்ச்சதுல போன நேரத்தைப் பிடிக்க அவசரமா அடுக்கினதுதான். சீட்டைக் கையில வாங்கி அவரே ஒரு தடவை வாசிச்சாரு. அப்புறம் மூணையும் எடுத்து வெச்சுக்கிட்டு, பல்லைப் பிரிச்சு மறுபடி அடுக்க ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம் பெல்ட்டைப் பத்தி ஒரு நாளும் கேக்கலை. சாயந்தரம் நானா கொண்டு போய்க் கொடுப்பேன், மாட்டிக்குவாரு. வேலை முடிஞ்சதும் அவரே கழட்டி என் மேஜை மேல வெப்பாரு.

ஆனா விட்டது விட்டதுதான். முதல் மூணு நாள்ல ஆறு செட் அடுக்கற நேரம் போயிருந்துச்சு. திரும்பி வந்த மூணு வேற. டாக்டரம்மா வேலைக்குத் தேதி முன்னாடியே வர்றதால அதை முதல்ல தள்ளினேன். பன்னெண்டாவது நாள் சாயந்தரம் எண்பத்தெட்டு டப்பாவும் வரிசையா நின்னுச்சு. நான் எண்ணினேன். அவரு எண்ணினாரு. எண்பத்தெட்டு.

தம்பியோட கணக்குல மட்டும் ஒன்பது பாக்கி. எங்க அறுபத்துநாலையும் அவன் பாலிஷ் பண்ணி முடிச்சுட்டான். அவனுக்கு முப்பத்திரண்டு அடுக்கித் தர்றதா பேச்சு, இருபத்திமூணுதான் போயிருக்கு. அவன் கிளினிக்குங்களுக்குத் தேதி ரெண்டு நாள் கழிச்சு. அன்னைக்கு மத்தியானத்துல இருந்து அவன் மிஷினை நிறுத்திட்டு சும்மா உக்காந்திருந்தது இங்கிருந்தே தெரிஞ்சுது. ஒரு தடவைகூட வந்து கேக்கலை.

நாளைக்கு அவன் கையை விரிச்சான்னா என்ன பண்ணுவன்னு இவரு கேட்டாரே, அது ஞாபகம் வந்துச்சு. இப்போ கையை விரிக்கற இடத்துல இருக்கறது இவரு. எங்க வேலை முடிஞ்சுது. பன்னெண்டு நாளா உக்காந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு, எழுந்திரிக்கவே சுவத்தைப் பிடிக்கறாரு. ரெண்டு நாள் படுத்துட்டாருன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நானும் சொல்லக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பேரம் பேசினது நானா இருக்கலாம், வாக்கு அவரோடது.

மறுநாள் காலையில நான் டப்பா எல்லாத்தையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு கிளினிக் போனேன். பஸ் வந்துச்சு. எண்பத்தெட்டு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உள்ள போனாங்க. ஒரு பெரியவரு வெளிய வந்து கண்ணாடி முன்னாடி நின்னு ரொம்ப நேரம் பல்லைக் காட்டிக்கிட்டே இருந்தாரு. பின்னாடி நின்ன அம்மா, போதும் நகருங்க, உங்க பல்லு எங்கயும் ஓடிடாதுன்னாங்க. டாக்டரம்மா லிஸ்ட்ல கடைசிப் பேரை டிக் பண்ணிட்டு, அடுத்த மாச அச்சு உள்ள இருக்கு, போகும்போது எடுத்துட்டுப் போங்கன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்கு அது போதும்.

அச்சுப் பையோட ஆட்டோவை விட்டு இறங்கினா எங்க கடை பூட்டியிருக்கு. படுத்துட்டாருபோலன்னு நினைச்சேன். திரும்பிப் பாத்தா எதிர்க்கடையில என் வீட்டுக்காரரோட மெழுகு விளக்கு எரியுது. இடுப்புக்குத் தலையணை ஒண்ணை முட்டுக் கொடுத்துக்கிட்டு, தம்பியோட மேஜையில உக்காந்து அடுக்கிக்கிட்டு இருக்காரு. மூணு வருஷத்துல முதல் தடவையா அந்தப் படி ஏறியிருக்காரு. பக்கத்துல தம்பியும் ஒரு தாடையை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டறான்.

"எட்டுதான் மாமா அடுக்கறாரு. ஒண்ணு நான் அடுக்கறேன்னு சொல்லிட்டேன்"ன்னான்.

"அரை மணி நேரத்துல முடிச்சிடுவானாம்"னு இவரு தலையை நிமித்தாமலே சொன்னாரு.

நாலு மணி நேரம் ஆச்சு. ஆனா முன்னைக்கு இது தேவலை.

இப்பவும் அப்படித்தான் ஓடுது. தம்பி தன் வேலையில வாரத்துக்கு ரெண்டு செட் தானே அடுக்கிக்கறான், மீதி இந்தப் பக்கம் வருது. எங்க பாலிஷ் அந்தப் பக்கம் போகுது. விலை அதேதான், ஒண்ணுக்கு ரெண்டு. அப்பப்போ ரெண்டு பேரும் அதை மாத்தணும்னு கிளம்புவாங்க, எனக்கு முழங்கால் வலின்னு சொல்லிடுவேன்.

பரீட்சை மூணாவது தடவையா எழுதினேன். அந்தக் கேள்விக்குப் பதில் பக்கம் பக்கமா மனசுல வெச்சிருந்தேன். அது வரவே இல்லை, வேற ஏதேதோ கேட்டிருந்தாங்க. இருந்தாலும் பாஸ் பண்ணிட்டேன்.

பரீட்சை அன்னைக்கு ஹால் டிக்கெட் எடுக்கறதுக்காகக் கைப்பையைத் திறந்தப்போ வாசல்ல நின்ன மேற்பார்வையாளர், இது என்னம்மான்னு கேட்டாரு. பெல்ட்டு சார்னேன். எதுக்கும்மான்னாரு. வீட்டுல ஒருத்தரு தேவையில்லாத வேலை பாக்காம இருக்கறதுக்குன்னேன். அவரு சுத்தி ஒரு தடவை பாத்துட்டு, எங்க கிடைக்கும்னு கேட்டாரு.